கிரீன் டீ பொடியில் கப் கேக்: நிறம் போகாமல், கசப்பு ஏறாமல்

படத்தில் இளம்பச்சையாக இருக்கும் கேக், நம் ஓவனிலிருந்து காக்கி நிறத்தில் வெளியே வரும். கடித்தால் முதலில் இனிப்பு, விழுங்கும்போது கசப்பு. மறுநாள் தொட்டால் பொலபொலவென்று உதிரும். மாட்சா என்கிற கிரீன் டீ பொடியை முதன்முதலாகக் கையில் எடுப்பவர்கள் சொல்லும் குறைகள் பெரும்பாலும் இந்த மூன்றுதான். செய்முறை சரியில்லை என்று வேறொன்றைத் தேடிப் போவார்கள். அதிலும் இதேதான் நடக்கும். கோளாறு செய்முறையில் இல்லை. பொடியை எசென்ஸ் மாதிரியும் ஃபுட் கலர் மாதிரியும் நினைத்து மாவில் கொட்டுவதில் இருக்கிறது.

மாட்சா என்பது இலை. வடிகட்டி எடுத்த சாறு அல்ல. முழு இலையையும் அரைத்த தூள். அதனால் அது கரையாது, கலக்கத்தான் செய்யும். தண்ணீரை இழுக்கும். சூடு, புளிப்பு, வெளிச்சம் மூன்றுக்கும் நிறம் மாறும். கசப்பையும் துவர்ப்பையும் கூடவே கொண்டுவரும். இனி சொல்லப்போகும் அளவும் பக்குவமும் இந்தக் குணங்களை ஒட்டித்தான்.

வாங்கும்போது

டப்பாவில் 'கிரீன் டீ பொடி' என்று போட்டிருப்பதெல்லாம் மாட்சா ஆகிவிடாது. மாட்சாவுக்கான தேயிலைச் செடிகளை, பறிப்பதற்கு முன் ஏறத்தாழ 3 வாரம் பந்தல் போட்டு நிழலில் வைப்பார்கள். வெயில் குறைவதால் இலையில் பச்சையம் கூடும். தியானின் என்ற அமினோ அமிலம் நிறைய தங்கும்; மாட்சாவின் மென்மையான அடிச்சுவை அதனால்தான். துவர்ப்பைத் தரும் கேட்டச்சின் மட்டுப்படும். பறித்த கையோடு ஆவியில் காட்டி, உலர்த்தி, காம்பையும் நரம்பையும் நீக்கிவிட்டு மிச்சத்தைக் கல் எந்திரத்தில் அரைப்பார்கள். ஒரு கல் எந்திரம் மணிக்கு 30, 40 கிராம்தான் தரும். வேகமாகச் சுற்றினால் கல் சூடேறி மணம் போய்விடும். ஜப்பானில் கியோட்டோவை ஒட்டிய ஊஜியும் ஐச்சி மாகாணத்து நிஷியோவும் இதற்குப் பேர்போன ஊர்கள். சமையலுக்கென்று வரும் ரகங்கள் பலவும் வேறு இயந்திரங்களில் அரைபடுபவை. கேக்குக்கு அது ஒரு குறையே இல்லை.

வெயிலில் வளர்ந்த சாதாரண கிரீன் டீயை அரைத்தும் பொடியாக விற்கிறார்கள். அது மஞ்சள் கலந்த பச்சையாக, கொஞ்சம் கொரகொரப்பாக இருக்கும், கசப்பும் கூடுதல். கேக் வரும், ஆனால் மங்கலாக வரும். டீ பேகைக் கிழித்து மிக்ஸியில் அரைத்துப் போடும் யோசனையை மட்டும் விட்டுவிடுங்கள். எவ்வளவு ஓட்டினாலும் நரநரப்பு போகாது, கேக்கில் காய்ந்த வைக்கோல் வாடை வரும்.

ஏமாறும் இன்னொரு இடம் 'மாட்சா லாட்டே மிக்ஸ்'. பின்பக்கத்துச் சேர்க்கைப் பட்டியலில் முதல் பெயரே சர்க்கரை, அடுத்தது பால் பவுடர் என்று இருந்தால் அது இந்த வேலைக்கு உதவாது. பட்டியலில் கிரீன் டீ என்ற ஒன்றே ஒன்று மட்டும் இருக்க வேண்டும்.

'செரிமோனியல்', 'குலினரி' என்ற பெயர்களைப் பார்த்து மிரள வேண்டாம். இவற்றுக்குப் பொதுவான அளவுகோல் கிடையாது, அவரவர் வைக்கும் பெயர்தான். பொதுவாக செரிமோனியல் ரகம் வெறும் வெந்நீரில் கலக்கிக் குடிக்க ஏற்றது. சுவை மென்மையாக இருக்கும். அதை மாவில் போட்டால் சர்க்கரைக்கும் வெண்ணெய்க்கும் நடுவே அந்த மென்மை காணாமல் போகும், காசுதான் விரயம். மாவுக்குக் கொஞ்சம் கசப்பு தூக்கலான நல்ல குலினரி ரகமே சரி. மேலே பூசும் கிரீமுக்கு வேண்டுமானால் உயர்ந்த ரகம் எடுக்கலாம்; அங்கே சூடு படுவதில்லை, கொடுத்த காசுக்கு நிறமும் மணமும் நிற்கும்.

தரம் பார்க்க எளிய வழி உண்டு. வெள்ளைத் தாளில் ஒரு சிட்டிகை வைத்து விரலால் அழுத்தி ஒரே இழுப்பாக இழுங்கள். நல்ல பொடி நீளமாக, தொடர்ச்சியாக, பளிச்சென்ற பச்சைக் கோடாகப் படியும். மட்டமானது பாதியிலேயே அறுந்து திட்டுத்திட்டாக நிற்கும், மஞ்சளடிக்கும். மோந்து பார்த்தால் இளம் இலையின் பச்சை வாசனையும் லேசான இனிப்பும் வர வேண்டும். வைக்கோல் வாடை வந்தால் பொடி பழசு. அதை எந்தப் பக்குவமும் காப்பாற்றாது.

எவ்வளவு போடுவது

ஸ்பூன் கணக்கை நம்பாதீர்கள். தலைதட்டிய ஒரு டீஸ்பூன் சுமார் 2 கிராம் இருக்கும். அழுத்தி அள்ளினாலோ குவித்து அள்ளினாலோ அதே ஸ்பூன் 3 கிராமைத் தாண்டும். நான்கு ஸ்பூன் போடும் இடத்தில் இந்த வித்தியாசம் கேக்கின் சுவையையே மாற்றிவிடும். 0.1 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு ஒன்று இருந்தால் நல்லது.

மைதாவின் எடையை வைத்துச் சதவீதமாக யோசிப்பது வசதி. 4 சதவீதத்தில் நிறம் வெளிறும், தேயிலைச் சுவை இருக்கிறதா என்று தேட வேண்டும். 6 சதவீதத்தில் சுவை தெளிவாகத் தெரியும். புதிதாகச் சாப்பிடுபவரும் முகம் சுளிக்க மாட்டார். 8 சதவீதம் மாட்சா பிரியர்களுக்கு. 10-ஐத் தாண்டினால் கசப்பு மட்டுமல்ல, கேக்கின் உள்பதமே இறுகும். அவ்வளவு தூளும் மாவிலுள்ள ஈரத்தைக் குடித்துவிடும். நிறம் போதவில்லை என்று பொடியைக் கூட்டுவதுதான் பலரும் செய்வது. நிறத்தைக் காப்பது பொடியின் புதுமையும் ஓவன் சூடும்தான், அளவு அல்ல.

12 கப் கேக்குக்கு:

மைதா 150 கிராம்
மாட்சா 9 கிராம்
பேக்கிங் பவுடர் 6 கிராம் (தலைதட்டி ஒன்றரை டீஸ்பூன்)
உப்பு கால் டீஸ்பூன்
பொடித்த சர்க்கரை 140 கிராம்
பெரிய முட்டை 2
வாசனை இல்லாத சமையல் எண்ணெய் 80 மில்லி
பால் 120 மில்லி
வெனிலா எசென்ஸ் அரை டீஸ்பூன்

மாவு மொத்தம் 600 கிராம் சுமாருக்கு வரும். ஒரு கப்புக்கு 50 கிராம். முட்டையும் பாலும் அறை வெப்பத்தில் இருக்கட்டும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த முட்டையை நேராக உடைத்து ஊற்றினால் கலவை சரியாகச் சேராமல் திரிந்த மாதிரி ஆகும், கேக்கும் அடர்த்தியாக நிற்கும்.

வெண்ணெய்க்குப் பதில் எண்ணெய் சொல்வதற்குக் காரணம் உண்டு. மாட்சா ஈரத்தை இழுப்பதால் வெண்ணெய் கேக் மறுநாளே இறுகிப்போகும், அதிலும் ஃப்ரிட்ஜில் வைத்தால் கேட்கவே வேண்டாம். எண்ணெய் கேக் மூன்று நாளானாலும் மெத்தென்று இருக்கும். வெண்ணெயின் மஞ்சள், பச்சையைக் கொஞ்சம் ஆலிவ் பக்கம் தள்ளுவதும் உண்டு. வெண்ணெய் மணம் வேண்டியவர்கள் எண்ணெயில் 30 மில்லியைக் குறைத்துவிட்டு அங்கே 30 கிராம் உருக்கி ஆறவைத்த வெண்ணெய் சேர்க்கலாம். இரண்டின் நன்மையும் கிடைக்கும்.

சர்க்கரையைக் குறைக்கச் சொல்லிக் கேட்பவர்கள் நிறைய. 120 கிராம் வரை இறங்கலாம். அதற்குக் கீழே போனால் கசப்பு எழும்பும், ஈரப்பதமும் குறையும். சர்க்கரை இனிப்புக்கு மட்டுமல்ல, ஈரத்தைப் பிடித்து வைப்பதும் அதன் வேலை. பழுப்புச் சர்க்கரை வேண்டாம். அதன் நிறமும் லேசான புளிப்பும் பச்சைக்கு ஆகாது.

கலக்கும் முறை

மாட்சாவை முதலில் தனியாகச் சலிக்க வேண்டும். மைதாவோடு சேர்த்துச் சலித்தால் போதாதா என்றால், போதாது. துகள் மிக நுண்ணியது, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு குட்டி உருண்டைகளாக இருக்கும். மைதாவோடு சேர்ந்து சல்லடையில் விழும்போது அந்த உருண்டைகள் மறைந்துகொண்டு கீழே இறங்கிவிடும். டீ வடிகட்டியில் போட்டு ஸ்பூனின் பின்பக்கத்தால் தேய்த்து இறக்குவதே சுலபம்.

அடுத்து, சலித்த பொடியை எண்ணெயில் குழையுங்கள். முதலில் 2 டேபிள்ஸ்பூன் எண்ணெய் மட்டும் விட்டு, ஸ்பேட்டுலாவால் கிண்ணத்தின் பக்கவாட்டில் அழுத்தித் தேய்த்து விழுதாக்கி, பிறகு மீதி எண்ணெயைச் சேர்க்கவும். பாலில் நேராகப் போட்டால் பொடி கட்டி தட்டும். தண்ணீர் பட்டதும் உருண்டையின் வெளிப்பக்கம் நனைந்து பூட்டிக்கொள்ளும், உள்ளே காய்ந்தபடியே இருக்கும். எண்ணெயில் துகள்கள் தனித்தனியாகப் பிரிந்துவிடும். பாலில்தான் கரைப்பேன் என்றால் கை பொறுக்கும் சூட்டில் 2 டேபிள்ஸ்பூன் பால் விட்டுக் கெட்டியாகக் குழைத்து, அப்புறம் தளர்த்தவும். கொதிக்கிற பால் கூடாது; கசப்பு அப்போதே இறங்கிவிடும்.

விழுது சரியா என்று பார்க்க ஒரு துளியை வெள்ளைத் தட்டில் விட்டுச் சாய்த்துப் பாருங்கள். எண்ணெய்ப் பெயிண்ட் வழிவது போலப் பளபளப்பாக, ஒரே நிறமாக ஓட வேண்டும். ஓடிய தடத்தில் ஊசிமுனை அளவில் கரும்பச்சைப் புள்ளிகள் நின்றால் இன்னும் தேய்க்க வேண்டும் என்று அர்த்தம். அந்தப் புள்ளி வெந்த கேக்கில் கடுகளவு கறுப்புத் திட்டாகத் தெரியும், அது மாட்டிய வாய்க்கு நல்ல கசப்பும் கிடைக்கும்.

மைதா, பேக்கிங் பவுடர், உப்பு மூன்றையும் சேர்த்துச் சலித்து வையுங்கள். இன்னொரு பாத்திரத்தில் முட்டையையும் சர்க்கரையையும் விஸ்கால் ஒரு நிமிடம், நிறம் வெளிறும் வரை அடிக்கவும். ஸ்பாஞ்ச் கேக்குக்கு அடிப்பது போல நுரை பொங்க அடிக்க வேண்டியதில்லை. அடித்துக்கொண்டே மாட்சா எண்ணெயை மெல்லிய தாரையாக ஊற்றவும், வெனிலாவையும் விடவும். பிறகு மைதாவை மூன்று பங்காக, பாலை இரண்டு பங்காகப் பிரித்து மாற்றி மாற்றிச் சேர்க்கவும். தொடக்கமும் முடிவும் மைதாவாக இருக்கட்டும். கடைசிப் பங்கு மைதாவை விஸ்கால் அடிக்காமல் ஸ்பேட்டுலாவால் அடியிலிருந்து வாரி மடிக்கவும். வெள்ளை மாவு கண்ணுக்கு மறைந்த நொடியில் நிறுத்த வேண்டும். நிறத்தை ஒன்றாக்குகிறேன் என்று மேலும் மேலும் கலக்கும் ஆசை இந்தக் கேக்கில் அதிகம் வரும், ஏனென்றால் கோடு கோடாகப் பச்சை தெரியும். விட்டுவிடுங்கள். அதிகம் கலக்கினால் மைதாவிலுள்ள குளூட்டன் என்ற புரதம் இறுகி, வெந்த கேக்கின் உள்ளே புழு போன நீளத் துளைகளும் மேலே கூம்பு முனையும் வரும்.

மாவு ஸ்பூனிலிருந்து கனமாக, விட்டு விட்டு விழ வேண்டும். உங்கள் மைதா ஈரம் அதிகம் இழுக்கிற வகையாக இருந்து மாவு ஸ்பூனிலேயே நின்றால் ஒரு டேபிள்ஸ்பூன் பால் சேர்த்துக்கொள்ளலாம், அதற்கு மேல் வேண்டாம். பேப்பர் கப்பில் மூன்றில் இரண்டு பங்கு மட்டும் நிரப்பவும். முக்கால் பங்குக்கு மேல் போனால் பொங்கி விளிம்பைத் தாண்டிக் குடை மாதிரி விரியும், அந்த ஓரம் முதலில் கருகும்.

ஓவனில் நடப்பது

170 டிகிரி செல்சியஸ், மேலும் கீழும் சூடு, நடுத்தட்டு, 18 முதல் 20 நிமிடம். விசிறி ஓடும் ஓவனில் 155 அல்லது 160 போதும். ஓவனை முன்கூட்டியே 15 நிமிடமாவது சூடாக்கி வைக்கவும். திருகில் காட்டும் எண்ணை வைத்து நம்பிக்கை கொள்ள வேண்டாம். பல ஓவன்கள் 10, 20 டிகிரி கூடவோ குறையவோ ஓடும். உள்ளே வைக்கும் ஓவன் தெர்மாமீட்டர் ஒன்று இருந்தால் இந்தத் தகராறே இல்லை.

மற்றக் கப் கேக்குகளை 180, 190-இல் வைப்பவர்கள் இதற்கு ஏன் இறங்க வேண்டும்? பச்சையத்தின் நடுவில் ஒரு மக்னீசிய அணு இருக்கிறது. சூடும் அமிலமும் சேர்ந்தால் அது கழன்று, அந்த இடத்தில் ஹைட்ரஜன் உட்கார்ந்துகொள்ளும். அப்படி மாறிய பொருளின் நிறம் ஆலிவ் பழுப்பு. கீரையை மூடி வைத்து நெடுநேரம் வேகவைத்தால் நிறம் செத்துப்போவதும் இதனால்தான். கேக்கின் உள்பகுதி வேகும்போது 100 டிகிரியைத் தாண்டாது, ஈரம் அதைத் தாண்ட விடாது. மேல்தோல் காய்ந்துபோவதால் அங்கே சூடு அதற்கு மேலே ஏறும். பச்சையமும் சிதையும், சர்க்கரையும் புரதமும் சேர்ந்து சிவக்கவும் செய்யும். அதனால்தான் மேலே பழுப்பாக இருந்தாலும் வெட்டிப் பார்த்தால் உள்ளே பச்சையாக இருக்கிறது. மேல்தோல் கொஞ்சமும் நிறம் மாறாத மாட்சா கேக்கைப் பார்த்தால் அதில் ஃபுட் கலர் இருக்கிறதா என்று கேளுங்கள்.

சின்ன மேசை ஓவனில் மேல் கம்பி கேக்குக்கு மிகப் பக்கத்தில் இருக்கும். தட்டை ஒரு படி கீழே இறக்கி, 12 நிமிடம் ஆனதும், மேற்பரப்பு இறுகிய பிறகு, அலுமினியத் தாளைக் கூடாரமாகக் கவிழ்த்து மூடலாம். அதற்கு முன்னால் கதவைத் திறந்தால் நடு உள்வாங்கும். கறுப்பு நிற ட்ரே சூட்டை அதிகம் வாங்கி ஓரத்தைச் சீக்கிரம் சிவக்க வைக்கும், வெளிர் நிற அலுமினிய ட்ரே நல்லது.

வெந்ததா என்று நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது. 'பொன்னிறம் வரும் வரை' என்பதெல்லாம் இங்கே செல்லாது. பச்சை மாவில் பொன்னிறம் தெரியும் நேரத்துக்குள் கேக் காய்ந்திருக்கும். 17-ஆவது நிமிடத்திலிருந்து பாருங்கள். நடுவில் விரலால் மெல்ல அழுத்தினால் குழி விழாமல் எழும்ப வேண்டும். குச்சியைச் செருகி எடுத்தால் ஈர மாவு ஒட்டக் கூடாது. ஓரிரண்டு ஈரத் துணுக்குகள் ஒட்டினால் பரவாயில்லை, அதுதான் சரியான கட்டம். குச்சி சுத்தமாகக் காய்ந்து வரும் வரை வைத்தால் இரண்டு நிமிடம் தாமதம்.

எடுத்ததும் 5 நிமிடம் ட்ரேயிலேயே விட்டு, பிறகு கம்பித் தட்டுக்கு மாற்றிவிடுங்கள். ட்ரேயிலேயே மறந்துவிட்டால் அடியில் ஆவி தங்கி பேப்பர் நனைந்து பிரிந்துவரும். உள்சூடு அடங்கும் வரை நிறமும் மங்கிக்கொண்டே போகும்.

புளிப்பு, சோடா, முட்டையில்லாதவை

தயிர், மோர், எலுமிச்சைச் சாறு, வினிகர் எல்லாம் கேக்கை மென்மையாக்கும், ஆனால் மேலே சொன்ன காரணத்தால் பச்சையை அடிக்கும். எலுமிச்சை வாசம் வேண்டுமென்றால் தோலை மட்டும் துருவிப் போடுங்கள், சாறு வேண்டாம்.

அப்படியானால் பேக்கிங் சோடாவைக் கூட்டினால் பச்சை நிற்குமே என்று தோன்றும். சோடாவின் காரத்தன்மை, அதாவது அமிலத்துக்கு எதிரான குணம், பச்சையத்துக்கு நல்லது என்பது உண்மைதான். ஆனால் அந்தக் காரத்தன்மை மிஞ்சினால் கேட்டச்சின் ஆக்சிஜனேற்றம் அடைந்து பழுப்பாகும், சோப்பு ருசியும் வரும். அமிலம் எதுவும் சேர்க்காத மாவில் பேக்கிங் பவுடர் மட்டும் போடுவதே நல்ல நடுவழி.

முட்டையில்லாமல் செய்பவர்களுக்குத் தயிரைத் தவிர்ப்பது கஷ்டம். இரண்டு முட்டைக்கும் சேர்த்து 120 கிராம் புளிக்காத புதுத் தயிர், அதோடு கால் டீஸ்பூன் பேக்கிங் சோடா, பேக்கிங் பவுடரை ஒரு டீஸ்பூனாகக் குறைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சோடா அந்தத் தயிரின் புளிப்பை ஏறக்குறைய முழுவதும் சமன் செய்துவிடும். பாலை 100 மில்லியாக்கவும். நிறம் முட்டை சேர்த்ததைவிட ஒரு படி மங்கலாகத்தான் வரும். அதைச் சரிக்கட்டப் பொடியைக் கூட்ட வேண்டாம். தயிரும் சோடாவும் சேர்ந்ததும் நுரை கிளம்பிவிடுவதால் மாவைக் காக்க வைக்காமல் உடனே ஓவனில் ஏற்ற வேண்டும்.

கசப்பைக் கையாள்வது

கசப்பை முழுக்க அழிக்கப் பார்க்காதீர்கள். அது போனால் மாட்சாவில் மிஞ்சுவது நிறம்தான், அதற்கு ஃபுட் கலரே மலிவு. அடக்கி வைத்தால் போதும். உப்பு கால் டீஸ்பூன் சொன்னது அதற்காகவும்தான். நாக்கு கசப்பை உணர்வதை உப்பு குறைக்கும். பாலிலுள்ள கேசின் புரதம் கேட்டச்சினைப் பிடித்துக்கொள்வதால் துவர்ப்பு தணியும், ஆகவே பாலுக்குப் பதில் தண்ணீர் ஊற்றினால் கேக் கரகரவென்று துவர்க்கும். வெள்ளைச் சாக்லேட் மாட்சாவுக்குப் பொருத்தமான ஜோடி, அதன் கொழுப்பும் பாலும் இனிப்பும் மூன்று பக்கத்திலிருந்தும் கசப்பைச் சூழ்ந்துகொள்ளும். மாவில் 60 கிராம் வெள்ளைச் சாக்லேட் துண்டுகள் சேர்த்தால் சர்க்கரையை 120-க்கு இறக்கிக்கொள்ளலாம். கறுப்பு எள், ஸ்ட்ராபெர்ரி, வேகவைத்து இனிப்பாக மசித்த சிவப்புப் பயறு (ஜப்பானிய அசுகி) ஆகியவையும் சேரும். சிவப்புப் பயறோடு சேர்ப்பது ஜப்பானில் பழைய வழக்கம். டார்க் சாக்லேட் வேண்டாம் என்பது என் தீர்ப்பு. மாட்சா இருந்த தடமே தெரியாது.

வெனிலாவை அரை டீஸ்பூனுக்கு மேல் விடாதீர்கள். இன்னொன்று: சூடாக இருக்கும்போது ருசி பார்த்து முடிவு செய்யக் கூடாது. ஓவனிலிருந்து எடுத்த கேக்கில் கசப்பு துருத்திக்கொண்டு தெரியும். முழுவதும் ஆறி, மூடிய டப்பாவில் ஓர் இரவு இருந்தபின் எண்ணெயும் ஈரமும் பரவி ருசி ஒன்றுபடும்.

மேலே பூசுவதற்கு

சூடு படாத இடம் என்பதால் நிறத்துக்கு இங்கே கவலை இல்லை. பட்டர் கிரீமுக்கு உப்பில்லாத வெண்ணெய் 115 கிராம், சலித்த ஐசிங் சுகர் 180 கிராம், மாட்சா 4 கிராம், பால் ஒரு டேபிள்ஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு. வெண்ணெயை மட்டும் 4, 5 நிமிடம் வெளுக்கும் வரை அடித்த பிறகு ஐசிங் சுகர். வெண்ணெய் மஞ்சளாக இருக்கும்போதே மாட்சா சேர்த்தால் பாசி நிறம் வரும். மாட்சாவை அந்தப் பாலில் குழைத்துக் கடைசியில் சேர்க்கவும்.

விப்பிங் கிரீமில் 200 மில்லிக்கு 4 கிராம் போதும். மாட்சா சேர்ந்த கிரீம் வெறும் கிரீமைவிடச் சீக்கிரம் கெட்டிப்படும், கண் அசந்தால் திரிதிரியாகிவிடும். மென்முனை (விஸ்கைத் தூக்கினால் கிரீமின் நுனி மடங்கி நிற்கும் பதம்) நிற்கும் கட்டத்திலேயே மெஷினை நிறுத்தி மீதியைக் கையால் முடிப்பது பாதுகாப்பு. வெள்ளைச் சாக்லேட் கனாஷ் என்றால் சாக்லேட் 150 கிராமுக்கு கிரீம் 50 மில்லி, மாட்சா 5 கிராம். கிரீமைச் சூடாக்கி சாக்லேட்டில் ஊற்றிக் கரைத்து, கைச்சூடு அளவுக்கு ஆறியதும் மாட்சாவைச் சல்லடையில் தூவிக் கலக்கவும்.

மேலே பொடியைத் தூவி அலங்கரிப்பது பரிமாறும் நேரத்தில் செய்ய வேண்டிய வேலை. முன்கூட்டித் தூவினால் கிரீமின் ஈரத்தை இழுத்துக் கரும்பச்சைக் கறையாகிவிடும்.

வைத்திருப்பது

கிரீம் பூசாத கேக் மூடிய டப்பாவில், குளிர்ந்த இருட்டான இடத்தில் 2, 3 நாள் இருக்கும்; வெப்பம் அதிகமுள்ள இடமென்றால் ஒரு நாளுக்கு மேல் வெளியே வேண்டாம். கண்ணாடி மூடிக்குள் விளக்கு வெளிச்சத்தில் வைத்தால் வெளிச்சம் பட்ட பக்கம் மட்டும் வெளுக்கும். ஒவ்வொன்றாகச் சுற்றி ஃப்ரீஸரில் வைத்தால் ஒரு மாதம் தாங்கும். சுற்றிய தாளோடேயே அறை வெப்பத்துக்கு வரட்டும்.

பொடிக்குக் காற்று, ஒளி, சூடு, ஈரம் நான்கும் ஆகாது. காற்றுப்புகாத டப்பாவில் ஃப்ரிட்ஜில் வையுங்கள். எடுத்தவுடன் திறக்காமல் அறை வெப்பத்துக்கு வந்தபின் திறக்கவும்; இல்லையென்றால் குளிர்ந்த பொடிமேல் காற்றின் ஈரம் படிந்து கட்டியாகும். திறந்தபின் ஓரிரு மாதத்தில் தீர்த்துவிடுவது நல்லது, ஆகவே சின்ன டப்பாவாக வாங்குங்கள்.

காஃபீனையும் கணக்கில் வையுங்கள். மாட்சாவின் எடையில் சுமார் 3 சதவீதம் காஃபீன். 9 கிராமை 12 கேக்குக்குப் பிரித்தால் ஒன்றுக்கு 20 மில்லிகிராம் சொச்சம், கிரீமும் பூசினால் 30-ஐச் சற்றுத் தாண்டும். பெரியவர்களுக்கு இது ஒன்றுமில்லை. குழந்தைகளுக்கு இரவு நேரத்தில் இரண்டு மூன்று கொடுக்காமல் இருப்பது நல்லது.

வேறு பொடிகளை முயலும்போது

கப் கேக்கின் பெரிய வசதி, ஒரே மாவைப் பிரித்துச் சோதிக்கலாம் என்பது. மாட்சா சேர்க்காத வெறும் மாவில் 150 கிராமை எடுத்து மூன்று கிண்ணத்தில் 50, 50 கிராமாகப் பிரியுங்கள். அதில் மைதா ஏறத்தாழ கால் பங்கு, அதாவது ஒரு கிண்ணத்தில் சுமார் 12.5 கிராம். 4, 6, 8 சதவீதத்துக்கு முறையே 0.5, 0.75, 1 கிராம் பொடியை அரை டீஸ்பூன் எண்ணெயில் குழைத்துக் கலந்து, பேப்பர் கப்பின் அடியில் பென்சிலால் எண் போட்டு, மூன்றையும் ஒன்றாக வேகவைத்து, மறுநாள் ருசி பாருங்கள். 0.25 கிராமைப் பிரித்தறியும் அளவுக்குத் தராசு இல்லையென்றால் மாவையும் பொடியையும் இரட்டித்து ஒரு கிண்ணத்துக்கு இரண்டு கேக்காக ஊற்றிக்கொள்ளலாம்.

புதிய பொடி எதுவானாலும் அது தண்ணீரைக் குடிக்குமா, எண்ணெய் விடுமா, புளிக்குமா என்று முதலில் பார்த்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. கோகோ மாட்சாவைப் போலவே ஈரத்தை இழுக்கும், அதன் அளவுக்கு மைதாவைக் குறைக்க வேண்டும். அரைத்த கறுப்பு எள் தானே எண்ணெய் விடும், எண்ணெயில் 10 மில்லியைக் குறைக்கலாம். உறைய வைத்து உலர்த்திய ஸ்ட்ராபெர்ரிப் பொடி புளிக்கும். அதன் சிவப்பு அமிலத்தில்தான் நிற்கும், சோடா பட்டால் சாம்பல் நீலமாகும். ஊதாச் சர்க்கரைவள்ளிப் பொடியும் சோடாவில் நிறம் திரும்பும். மாட்சாவுக்கு ஆகாத தயிர் இந்த இரண்டுக்கும் உதவிக்கு வரும். வறுத்த கிரீன் டீயை அரைத்த ஹோஜிச்சாப் பொடி ஏற்கெனவே பழுப்பு, கசப்பும் குறைவு. இதே செய்முறையில் இதே 9 கிராம் போட்டு, ஓவனை 175-க்கு ஏற்றி, வேண்டுமானால் பழுப்புச் சர்க்கரையும் சேர்த்துச் செய்யலாம். நிறத்தைப் பற்றிய பயமில்லாமல் பழக நினைப்பவர்கள் மாட்சாவுக்கு முன் ஹோஜிச்சாவில் தொடங்குவதும் நல்ல வழிதான்.